பதினோரு மைல் சுற்று

என் சித்தப்பா ஆர்னோ இரிபார்ன் அமெரிக்காவில் நெவாடாவுக்கு வந்து இறங்கியபோது அவருக்குப் பத்தொன்பது வயது. பிரான்ஸ் எல்லை மலையில் பாஸ்க் கிராமத்தில் பிறந்தவர். அவருக்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே இங்கே வந்து ஆடு மேய்த்து, நிலம் பிடித்து, கல்யாணமும் செய்துகொண்டிருந்த அண்ணன்தான் அவரை வரவழைத்தார். அந்த அண்ணன் எரமுன், என் அப்பா.

வந்த மறுவாரமே சித்தப்பாவை ஆயிரத்து இருநூறு ஆடுகளோடும் ஒரு நாயோடும் ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டார் அப்பா. ஏழு வருஷம் அதே வேலை. மாதக்கணக்கில் மனிதக் குரல் கேட்காமல் இருப்பது சிலருக்குப் பிடிக்கும். சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "நாய்கிட்ட பேசிப் பேசி, ஒருநாள் அதுவே 'போதும், வாயை மூடு'ன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு" என்பார். அதனால் நெடுஞ்சாலை அளக்கிற கூட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் போய்ச் சேர்ந்துவிட்டார். அளவுச் சங்கிலி பிடிப்பது, முளைக்குச்சி அடிப்பது, குச்சியில் எண் எழுதுவது. இதுதான் வேலை. அப்பாவுக்கு வருத்தம்தான், ஆனாலும் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் தவறாமல் வரவேண்டும் என்றார். சித்தப்பாவும் தவறாமல் வந்தார்.

அப்போது எங்கள் மாநிலத்தின் குறுக்கே, கிழக்கிலிருந்து மேற்காக, நான்கு தடப் பெருஞ்சாலை வரப்போவதாகப் பேச்சு. பழைய சாலை ஊருக்கு நடுவே போனது. புதியது ஊருக்கு வெளியே, ஒன்று ஆற்றை ஒட்டிப் போகவேண்டும், இல்லையென்றால் மலையடிவாரமாகப் போகவேண்டும். ஆற்றங்கரை சமதளம், வேலை சுலபம். எஞ்சினீயர் குரௌஸ் அதைத்தான் முதலில் கோடு போட்டு வைத்திருந்தார். மலையடிவாரத்தில் இருந்தது எங்கள் வீடு. வீட்டுக்கு முன்னால் தீவனப் புல்வெளி, அதைத் தாண்டி ஆடுகள் குட்டி ஈனுகிற கொட்டகை, கிணறு.

டிசம்பர் மாதம் ஒருநாள் குரௌஸ் சித்தப்பாவைக் கூப்பிட்டு, "நீ இந்தப் பக்கம் ஆடு மேய்ச்சவனாச்சே, பனி உருகுறப்போ ஆத்துத் தண்ணி எதுவரைக்கும் ஏறும்?" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், ஒரு பழைய வேலிக்கம்பத்தைக் காட்டினார். கம்பியில் பழைய வெள்ளம் கொண்டுவந்த நாணல் காய்ந்து சிக்கியிருந்தது. சித்தப்பாவின் நெஞ்சு உயரத்துக்கு.

அவ்வளவுதான். கோடு மலையடிவாரத்துக்கு நகர்ந்துவிட்டது.

எனக்கு அப்போது பதினோரு வயது. மே மாதம் ஒரு சனிக்கிழமை அப்பா புல்வெளியிலிருந்து ஒரு கை நிறையக் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து சமையலறை மேசையில் போட்டார். சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகள். அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். 477 என்று எழுதியிருந்தது. ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு. இங்கே யாரும் ஏழை அப்படி எழுதமாட்டார்கள். அப்பாவும் சித்தப்பாவும் பிறந்த பாஸ்க் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான் எழுதுவார்கள்.

"இது ஆர்னோவோட எழுத்துல்ல?" என்றாள் அம்மா.

அப்பா அதை அவள் கையிலிருந்து வாங்கி மற்றவற்றோடு வைத்தார்.

மறுநாள் சித்தப்பா வந்து, தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அவர் தட்டில் ஆட்டுக்கறி இல்லை. குச்சிகள் இருந்தன.

"என்னண்ணே இது?"

"சாப்பிடு. நீ நட்டதுதானே, இப்ப விளைஞ்சிருக்கு."

சித்தப்பா கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"டிசம்பர்லேர்ந்து."

"அஞ்சு மாசம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இதே நாற்காலியில உக்காந்து என் சோத்தைத் தின்னுட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டுப் போயிருக்க."

"சொல்ல வாய் வரலண்ணே."

"எஞ்சினீயர்கிட்ட மட்டும் நல்லா வந்துச்சு."

"அவர் கேட்டார். தண்ணி எதுவரைக்கும் வரும்னு கேட்டார். கண்ணால பார்த்ததைச் சொன்னேன். அந்த ரோட்டுல புள்ளைகளை ஏத்திக்கிட்டு ஜனங்க போவாங்கண்ணே."

"எவனோ பெத்த புள்ளைக்கு இவ்வளவு அக்கறை. இதோ நிக்கிறாளே ஜானெட், இவ யாரு புள்ளை?" அப்பா என்னைக் காட்டினார்; குரலை உயர்த்தவே இல்லை. "தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லடா. ஒரே ஒரு வார்த்தை. தெரியாது. அதுகூடவா எனக்காக வரல?"

சித்தப்பா எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். அம்மா, "சாப்பிட்டுட்டாவது போ ஆர்னோ" என்றாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அதே இடங்களில் குச்சிகள் மறுபடி நின்றன. அவரேதான் வந்து அடித்திருந்தார். வேறு ஆள் வந்து அடிப்பதை அவர் விரும்பவில்லை என்று பின்னால் சொன்னார்கள். அது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

சாலை வந்தது. இரண்டு பக்கமும் ஆளுயரக் கம்பி வேலி. குறுக்கே யாரும் கடக்கக்கூடாது. எங்கள் கொட்டகை அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். அங்கே போக, கிழக்கே வண்டியை ஓட்டி, சாலையில் ஏறி இறங்கும் வழியைப் பிடித்து, மறுபடி திரும்பி வரவேண்டும். பதினோரு மைல். சித்தப்பா எஞ்சினீயரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஆடுகள் போக சாலைக்கு அடியில் ஒரு கான்கிரீட் வழி வைக்கச் செய்தார். அப்பா அதில் ஒரு ஆட்டைக்கூட விடவில்லை. தலைக்கு மேல் லாரி ஓடுகிற சத்தத்தில் ஆடுகள் மிரளும் என்றார். மிரளுமா என்று ஒருநாளும் விட்டுப் பார்க்கவில்லை. மூன்றே வருஷத்தில் மந்தையை விற்றுவிட்டு, முப்பது ஆடுகளை மட்டும் வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டார்; சாலைக்கு அடியில் இருந்த அந்த வழியையும் கம்பி போட்டு அடைத்துவிட்டார்.

சித்தப்பா அதே சாலையைப் பராமரிக்கிற வேலைக்கு மாறினார். பனி தள்ளுவது, அறுந்த வேலியைச் சரிசெய்வது, அடிபட்ட மானை இழுத்துப் போடுவது. சாலைக்கு அந்தப் பக்கம் டிரெய்லர் வீடு ஒன்றைப் போட்டுக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வாசலில் நின்றால் அவர் துணி உலர்த்துவது தெரியும். அவருக்கும் நாங்கள் தெரிவோம். இருபத்து மூன்று வருஷம் அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் அப்படியே இருந்தார்கள்.

இடையில் ஒரு வசந்தத்தில் ஆறு பெருகியது. முதலில் கோடு போட்ட இடத்தில் நான்கடித் தண்ணீர். மதுக்கடையில் எல்லோரும் சித்தப்பாவின் முதுகில் தட்டினார்கள், குடிக்க வாங்கிக் கொடுத்தார்களாம். அவர் பாதிக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அப்பாவும் வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா மெதுவாக, "அவன் சொன்னது சரியாத்தான் போச்சு" என்றாள்.

"சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும், கத்தலின். அதான் ஆற மாட்டேங்குது" என்றார் அப்பா.

நான் ஊரில் ஆசிரியை ஆகிவிட்டேன். ஒரு அக்டோபர் சனிக்கிழமை, அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். பத்து மணி இருக்கும். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பா அப்படியே சரிந்து விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். அம்மாவாலும் என்னாலும் அவரைத் தூக்க முடியவில்லை. சாலையோரம் பராமரிப்புக்காரர்களின் ஆரஞ்சு வண்டி ஒன்று நின்றது. யாரென்றுகூடப் பார்க்காமல், கொடியில் கிடந்த படுக்கை விரிப்பை உருவி ஆட்டினேன்.

சித்தப்பாதான். அந்த வேலியில் ஏறுகிறவர்களை எத்தனையோ முறை பிடித்துத் திட்டியவர், தானே ஏறினார். நான்கு தடத்தையும் ஓடிக் கடந்தார். ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. வரும்போது கால்சட்டை முழங்காலுக்குக் கீழே கிழிந்து ரத்தம்.

அப்பா பக்கத்தில் மண்டியிட்டு, "அண்ணே, ஆர்னோ வந்திருக்கேன்" என்றார். அப்பாவின் ஒரு கண் அவர் பக்கம் திரும்பியது. பேச்சு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவேயில்லை.

மூன்று வாரம் கழித்து அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நானும் அங்கேயே வந்து தங்கிக்கொண்டேன். பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. சித்தப்பா தினமும் வேலை முடிந்ததும் வந்தார். முகச்சவரம் செய்வார், புரட்டிப் படுக்கவைப்பார், பூண்டு சூப்பை ஊட்டுவார். ஒவ்வொரு நாளும் பதினோரு மைல் சுற்றித்தான் வந்தார். "எங்க வீட்டுக்கு நேர் எதிர்லதானே இருக்கீங்க, அன்னிக்கு மாதிரி ஏறி வந்துட வேண்டியதுதானே" என்றேன் ஒருநாள்.

"ஏறி வந்தா உங்கப்பன் என்ன நினைப்பான்? ரோடு போட்டவனுக்கு மட்டும் வேலி கிடையாதாக்கும்னு நினைப்பான்."

அம்மா ஊட்டினால் அப்பா வாயைத் திறந்துவிடுவார். சித்தப்பா ஊட்டும்போது சில நாள் திறப்பார், சில நாள் உதட்டை இறுக்கிக்கொள்வார். சித்தப்பா கரண்டியைப் பிடித்தபடி காத்திருப்பார். "உப்பு பத்தலையாண்ணே, இல்ல நான்தான் பத்தலையா?" என்று கேட்டுச் சிரிப்பார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அம்மா அடுப்படியில் இருந்தாள். சித்தப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, நானும் மூணு மாசமா வர்றேன். உன்னால போடான்னு சொல்ல முடியல, அதனாலதான் நான் உள்ள இருக்கேனோன்னு தோணுது. போகணும்னா கண்ணை மூடு. நான் போயிடுறேன். திரும்ப வரமாட்டேன்."

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இமைகள் மெல்ல இறங்கின. திறக்கவில்லை.

சித்தப்பா கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார், சாவியைப் போடாமல்.

"மூடிட்டான் ஜானெட்."

"தூங்கிட்டார் சித்தப்பா. சாப்பிட்டதும் தினம் இப்படித்தான் கண் சொருகும்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நான்தானே தினமும் பார்க்கிறேன். தூக்கம்தான்."

அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பிப்ரவரி கடைசியில் அப்பா இறந்தபோது, தலையணைக்குக் கீழே கை கொடுத்துப் பிடித்திருந்தது அவர்தான்.

அடக்கம் முடிந்த பிறகும் ஒரு வாரம், வேலை விட்டதும் பழக்கதோஷத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரத் தொடங்கினார். ஆறு வருஷம் வந்தார். கடைசியில் நுரையீரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அவரைப் புதைத்துவிட்டு வந்த மத்தியானம், அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்:

"அன்னிக்கு ஆர்னோ கேட்டப்ப உங்கப்பா தூங்கத்தானே செஞ்சாரு?"

"தெரியலம்மா. அந்த நேரத்துக்கு அவர் தூங்குற வழக்கமில்ல."

அம்மா அடுப்பைத் தணித்தாள். "எனக்கும் தெரியும்" என்றாள். பிறகு, "ரொட்டியை நறுக்கு, ஆளுங்க வருவாங்க" என்றாள்.