வெளிநாட்டுப் பத்திரிகையில் என் நண்பன்

என் நண்பனின் வலைப்பூவைப் படித்துவிட்டு, வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவர் பழவேற்காடு ஏரியைப் பார்க்க வருகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்? எங்கள் குப்பத்தில் முதன்முதலில் வலைப்பூ தொடங்கியவன் நான். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற அவனுக்கு, செல்போனில் தமிழில் அடிக்கக் காட்டிக்கொடுத்ததும் நான்தான். ஏரியில் கால் நனைத்தே பல வருஷம் ஆனவன், ஏரியைப் பற்றி எழுதிப் பேர் வாங்கிவிட்டான்.

போன் செய்தான். "நீயும் வந்துடுடா. நீயும் எழுதுறவன்னு அந்தாளாண்ட சொல்லிக்கீறேன்."

"என்னிக்கு?"

"நாளான்னிக்கு காலைல."

அன்றைக்கு எங்கள் பாடு. இறால் விழும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அதற்குத்தான் பாடு என்று பெயர். முறை வரும் நாளில் இறங்காவிட்டால் அடுத்த முறை வரைக்கும் கரையில் நின்று வேடிக்கை பார்க்கவேண்டியதுதான். நான் ஒருவன் வராவிட்டால் கூட்டாளிகளும் வலை கட்டமுடியாது. அவனுக்கு இதெல்லாம் மறந்தே போயிருந்தது. இத்தனைக்கும் இந்தப் பாடு முறையைப் பற்றித்தான் எழுதியிருந்தான்!

அன்று காலை, இடுப்பளவுத் தண்ணீரில் வலையோடு நின்றபடி கரையைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டையில், கையை ஆட்டி ஆட்டி அவன் பேசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் குறிப்பெடுத்தார். பிறகு கேமரா எங்கள் பக்கம் திரும்பியது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்துக் கட்டுரை இணையத்தில் வந்தது. அவன் வலைப்பூவிலிருந்து இரண்டு வரிகளை மேற்கோள் காட்டி, பக்கத்தில் அவன் பெயரையும் போட்டு, 'எழுத்தாளர்' என்று குறிப்பிட்டிருந்தார்கள். மேலே பெரிதாக என் படம். அதன் அடியில், 'ஏரியில் வலை கட்டும் மீனவர்'.

மாலையில் அவனே கூப்பிட்டான். குரலில் சுரத்தே இல்லை.

"நீ எழுதுறன்னு சொன்னேன்டா. தலைய ஆட்டிக்கினாரு, போடல. ஆனா உனக்கு இன்னாடா கொறச்சல்? அவ்ளோ பெரிய போட்டோ! நான் இன்னாமோ மூலையில பொடி எழுத்துல கீறேன். கம்பெனில எல்லாரும் உன்னத்தான் யாருன்னு கேக்குறானுங்க."

அவனுக்கும் எரிந்துகொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனாலும், அந்த மூலையிலிருந்த ஒரே ஒரு சொல்லுக்காக, அவ்வளவு பெரிய படத்தையும் அவனிடமே கொடுத்துவிட நான் தயாராக இருந்தேன்.