பின்தோட்டத்தில் கிடைத்த செப்புத் தகடு

சிட்னியில், எங்கள் செவன் ஹில்ஸ் வீட்டுப் பின்தோட்டத்தில் இன்று என் புது மெட்டல் டிடெக்டரை ஓட்டினேன். வடகிழக்கு மூலையில் அலறியது. தோண்டினால், கோடும் முக்கோணமும் கீறிய, பச்சை பிடித்த செப்புத் தகடு!

படத்தை டிடெக்டர் பிரியர்களின் முகநூல் குழுவில் போட்டேன்.

"இங்கிலாந்துக் கைதிகளை இங்கே கப்பலேற்றி அனுப்பிய காலத்துப் புதையல் வரைபடம்" என்றார் ஒரு வெள்ளைக்காரர்.

மனைவியிடம் ஓடினேன்.

"ஐயோ, இது வாஸ்து தகடுங்க! கிரகப்பிரவேசத்தன்னிக்கு ஐயர் புதைக்கச் சொன்னது."

"நான் பார்க்கவே இல்லையே?"

அன்றைய புகைப்படத்தைக் காட்டினாள். குழியில் மண் தள்ளுவது நான்தான். இன்னொரு கையில் போன்.

ராகு காலம் முடிந்ததும் திரும்பப் புதைத்தால்தான் வீட்டுக்குள் விடுவாளாம். வெளியே குளிர்கிறது.

ராகு காலம் சிட்னி நேரத்துக்கா, சென்னை நேரத்துக்கா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.