முதுகுக்குப் பின்னால் அழுத குரல்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பெரிய மகள் எழுதுகிறாள்.

புயல் வந்த அன்று காலையில்தான் சிதம்பரத்தில் சின்ன மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனில் படம் காட்டினார்கள். மூக்கு அப்படியே என் மூக்கு! வீட்டில் இருப்புக் கொள்ளுமா? "காத்து ஜாஸ்தியாவறதுக்குள்ள போயிடலாம்" என்று பெரிய மருமகனை நச்சரித்து, கடலூரிலிருந்து பைக்கில் கிளம்பிவிட்டேன். கொண்டைப் பூ நசுங்குமே என்று ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டேன்; அது முதுகுப் பக்கம் தொங்கியது.

ஆலப்பாக்கம் தாண்டியதும் பட்டப்பகலிலேயே இருட்டியது. ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. காற்று பைக்கை ஓரத்துக்குத் தள்ளியது. அப்போது எனக்குப் பின்னால் யாரோ மெல்ல அழுதார்கள். திரும்பினால் யாருமில்லை.

"மாப்ள, நிறுத்துங்க! பொம்பள யாரோ அழுவுறாங்க."

"காத்து அத்தை அது. பேசாம வாங்க."

"நிறுத்தலன்னா குதிச்சிடுவேன்!"

முணுமுணுத்தபடி நிறுத்தினார். நான் காலை ஊன்றுவதற்குள், பத்தடி முன்னால் ஒரு புளியமரம் சடசடவென்று ரோட்டில் சாய்ந்தது.

அப்போதும் அழுகை நிற்கவில்லை. மருமகன் என் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கிக் கவிழ்த்தார், நின்றது. நிமிர்த்தினார், காற்று புகுந்ததும் மறுபடி அழுதது.

"அழுவுன பொம்பள இவதான் அத்தை" என்றார்.

பக்கத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் ஒதுங்கி, காற்று அடங்கிய பிறகே பேத்தியைப் பார்க்கப் போனோம்.

இப்போது காற்று பலமாக அடித்தால் நான் கிளம்புவதே இல்லை. மற்ற நாளில் பூ வைக்காமல் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொள்கிறேன். தலையில் ஏறிய பிறகு அது ஒரு தடவைகூட அழவில்லை.