மூணு கால் ஸ்டாண்டும் ரெண்டு நாட்டுச் சாட்டிலைட்டும்

சர்வே ஆபீசில் என் வேலை சும்மா நிற்பது. அந்தச் சும்மா நிற்பதுதான் லேசில் வராது. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கப் பயந்துகொண்டே வேலைக்குப் போகிற அக்கா தங்கச்சிகளுக்கு நான் சொல்வது புரியும்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக்காரருக்குப் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்ட் குறைந்துபோன சமயம். ஒன்றரை வயது மகளைக் கம்போங் மேடானில் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். மூன்று கால் ஸ்டாண்டின் உச்சியில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வெள்ளைத் தட்டு. தரையில் இருக்கும் ஆணிக்கு நேர் மேலே அது ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால், வானத்துச் சாட்டிலைட்டுகளைக் கேட்டு, அந்த ஆணி எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சென்டிமீட்டர் பிசகாமல் சொல்லும். யாரும் அதைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எங்கள் பாஸ், சர்வேயர் சிவபாதம், யாழ்ப்பாணத்துக் குடும்பம். முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூண்டு மாசம் பார்ப்பம் பிள்ளை. ஸ்டாண்ட் அசைஞ்சால் நீரும் வீட்டை போகலாம்."

கட்டிப்பிடித்த காவல்

முதல் வாரம், கிள்ளான் பாசாரில் சந்தைக் கடைகள் ஓரம். மோட்டார் சைக்கிள்கள் உரசிக்கொண்டு போகின்றன. ‘தள்ளிப் போங்க’ என்று கத்த எனக்கு வாய் வருமா? ஸ்டாண்டை ஒட்டி நின்று, ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் எனக்கும் தட்டுக்கும் சேர்த்துக் குடை பிடித்தேன். வெயிலில் பாவம், அதுவும்தானே நிற்கிறது!

பாஸ் வந்து அந்தத் தட்டோடு சேர்ந்த மெஷினைப் பார்த்தார். நான் நின்ற பக்கத்து வானத்தில் ஒரு சாட்டிலைட்கூட இல்லை. எல்லாவற்றையும் என் தலையும் குடையும் மறைத்திருந்தன. வேன் ஓட்டுகிற மணியம் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "சாமிக்குக் காவல் நிக்கச் சொன்னா, நீ சாமி முகத்தையே மறைச்சுக்கிட்டு நிக்கிறியே லெச்சுமி!"

சமாதானத்துக்கு ஒரு ஆள்

பிரிக்பீல்ட்ஸில் இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே ஸ்டாண்ட் வைத்தோம். வானம் ஒரு வேட்டி அகலம்தான் தெரிந்தது. அமெரிக்காக்காரன் சாட்டிலைட் குறைந்தது நாலு வேண்டும், மூன்றுதான் கிடைத்தது. பழைய மெஷினாக இருந்தால் மூட்டை கட்டியிருப்போம். இது புது மெஷின், ரஷ்யாக்காரனுடையதையும் கேட்கும். அவனுடையது இரண்டு தெரிந்தது. "அப்ப அஞ்சு பாஸ், ஒண்ணு கூடவே இருக்கு," என்றேன்.

"இல்லை பிள்ளை. இவன்ர கடிகாரமும் அவன்ர கடிகாரமும் ஒத்துப்போகாது. ரெண்டையும் ஒத்துப்போக வைக்கவே ஒண்டு செலவாயிடும். அஞ்சு இருந்தாத்தான் நாலுக்குச் சரி."

பாசார் பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு ஆன்டி, "எங்க வீட்டுலயும் அதே கதைதான். மாமியாருக்கும் எனக்கும் சமாதானம் பண்ணியே என் வீட்டுக்காரருக்கு வயசாயிடுச்சு," என்றார். பிறகு இத்தனை பேரைக் கேட்டு அப்படி என்னதான் கண்டுபிடிக்கிறோம் என்று விசாரித்தார். இந்த ஆணி இருக்கும் இடத்தை என்று மெதுவாகச் சொன்னேன். ஆன்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கு ரஷ்யா வரைக்கும் போகணுமா? பிரிக்பீல்ட்ஸ்னு நானே சொல்லியிருப்பேனே!"

ரெண்டு தடவை கேட்கும் மெஷின்

போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் அடுக்குக்குப் பக்கத்தில் வைத்தால் வேறு தொல்லை. சாட்டிலைட் பேச்சு நேராக ஒரு தடவை வரும்; கண்டெய்னர் தகரத்தில் பட்டுத் திரும்பி இன்னொரு தடவை வரும். மெஷின் இரண்டையும் நம்பிவிடும், கணக்குத் தள்ளிப்போகும். அதனால் ஸ்டாண்டைத் தூரமாக வைத்தோம். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டார். "நான் சொல்றதை இந்த வீட்டுல ஒரு தடவைகூட யாரும் கேக்கல. அந்த மெஷினைக் கூட்டிட்டு வா லா."

இறங்கிப்போன கல்

மூன்று மாதம் முடிய ஒரு வாரம். கிள்ளான் பக்கத்து மேருவில் தொழிற்சாலை கட்டப்போகும் நிலம். அரசாங்கம் நட்டு, உயரமும் குறித்துவைத்த கல்லின் மேல் ஸ்டாண்டை வைத்தோம். மழை வந்ததால் ஸ்டாண்டின் உயரத்தைக் கடைசியில் மறுபடி அளக்காமல் அவசரமாக மூட்டை கட்டினோம். ஆபீசில் கணக்குப் போட்டால், அந்தக் கல் பத்து சென்டிமீட்டர் பூமிக்குள் இறங்கியிருக்கிறது!

"கல் இறங்காது. சேத்திலை ஸ்டாண்ட்தான் இறங்கியிருக்கு. நீர் எங்கை பார்த்துக்கொண்டு நிண்டனீர்?" என்றார் பாஸ். ஸ்டாண்ட் இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆபீசில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் அதே கல்லில் மறுபடி வைத்தோம். கல்லிலிருந்து தட்டு வரைக்கும் டேப் பிடித்து அளக்க வேண்டும். எங்கள் டேப்பின் நுனி எப்போதோ துருப்பிடித்து உடைந்துபோயிருந்தது. புதிது வாங்குவார்களா? பத்து சென்டிமீட்டர் கோடு கல்லில் படும்படி வைத்து அளந்து, பிறகு பத்தைக் கழிப்பதுதான் ஆபீஸ் வழக்கம். கழித்து எழுதுவது மணியம் அண்ணன். அவர் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். அந்த வாரம் நோட்டு என் கையில்.

நான் பத்தைக் கல்லில் வைத்தேன். பாஸ் மேலே தட்டுப் பக்கம் டேப்பைப் பார்த்து, "ஒண்டு தசம் அஞ்சு ரெண்டு மூண்டு மீட்டர், எழுதும்," என்றார். நேற்றும் இப்படித்தான் சொன்னார், அப்படியே எழுதினேன். மனதுக்குள் அவரே கழித்திருப்பார் என்று நினைத்துவிட்டேன். இன்று பென்சில் நகரவில்லை. கல் இறங்கியதும் அதே பத்துதானே! இப்போது சொல்லாவிட்டால் அடுத்த வாரம் வீட்டில்தான்.

"என்ன பிள்ளை, எழுதேல்லையோ?"

"பாஸ்... பத்தைக் கழிக்கல," என்றேன், கல்லைப் பார்த்தபடி.

அவர் டேப்பின் நுனியைப் பார்த்தார். நோட்டில் நேற்றைய பக்கத்தைப் புரட்டினார். பிறகு பென்சிலை வாங்கி நேற்றைய எண்ணை அடித்து, பத்தைக் கழித்து எழுதி, நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இனி ஒவ்வொரு நாளும் நீரே கழிச்சு எழுதும்."

லீவு முடிந்து வந்த மணியம் அண்ணன் முழுக் கதையையும் கேட்டுவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "அவர் புது டேப் வாங்கிடாமப் பாத்துக்க லெச்சுமி. அது உடைஞ்சிருக்கிற வரைக்கும் உன் வேலை உடையாது லா."

மேலே எத்தனை நாட்டுக்காரன் சாட்டிலைட் விட்டாலும், கீழே பத்தைக் கழிக்க ஒரு ஆள் வேணும் என்பதுதான் இன்றைக்கும் என் உத்தியோக உத்தரவாதம்.