அத்தையின் இங்கிலீஷ் ரெக்கார்டு

ஓசூரில் அப்பா வீட்டின் முன்கட்டிலேயே மைக் செட் கடை வைத்திருந்த காலம். தொழிற்பேட்டை வந்த புதிது. ஏதாவது ஒரு கம்பெனிக்குப் பூமி பூஜை நடந்துகொண்டே இருக்கும். அப்பாவின் குழாய் ஸ்பீக்கர்களுக்கு ஓய்வே கிடையாது. அப்பாவின் தங்கை, என் அத்தை, அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த ஆனேக்கல்காரர் ஒருவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொன்னதிலிருந்து வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா கடையில் நாளெல்லாம் கன்னடத்தில்தான் பேரம் பேசுவார். கன்னடக்காரருக்குப் பெண் கொடுப்பது என்றால் மட்டும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அப்பா அவளை வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தினார். அத்தை சாப்பிடுவதை நிறுத்தினாள். எனக்குத் தலை வாரிவிடும்போது பாதியிலேயே சுவரில் சாய்ந்துகொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்த மனிதர் பெங்களூரில் வாங்கித் தந்திருந்த இங்கிலீஷ் ரெக்கார்டை அத்தை தானே கடையில் எடுத்துப் போட்டாள். டிஸ்கோ தாளம் திமுதிமுவென்று அடித்தது; அதற்கு மேல் ஒரு கூட்டமே உட்கார்ந்து வயலின் வாசித்தது. நான் ஆட ஆரம்பித்துவிட்டேன். பாட்டுக்குப் பாட்டு ரெக்கார்டு மாற்றியே பழகிய அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா பாட்டு இது? நிறுத்தறதுக்கு ஒரு எடமே இல்ல?”

“ஒரு பக்கம் பூரா ஒரே பாட்டுண்ணா. கதை.”

வெகுநாள் கழித்து இருவரும் பேசிக்கொண்டது அதுதான். அம்மா அந்தச் சந்தோஷத்தில், என்ன கதை என்று கேட்டாள்.

“பகையான ரெண்டு வூடு. இந்த வூட்டுப் பொண்ணும் அந்த வூட்டுப் பையனும் ஆசப்பட்டாங்க. பெரியவங்க ஒத்துக்கல.” அத்தை ரெக்கார்டைத் திருப்பிப் போட்டாள். “கடசில ரெண்டு வூடும் ராசியாயிட்டாங்க.”

“அப்புறம் ஏன் அத்த வயலின் அழுவுது?” என்றேன்.

“கல்யாணம் முடிஞ்சி பொண்ண அனுப்பறப்ப அழுவாங்க இல்ல, அதான்.”

அத்தை சொன்ன கதையில் பொய் கிடையாது. நடுவில் ஒன்றை விட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

அப்பா ரெக்கார்டின் அட்டையை எடுத்தார். புத்தகம் மாதிரி விரியும் அட்டை, உள்ளே படங்கள். கடைசிப் படத்தில் பெண்ணும் பையனும் கண்மூடிப் படுத்திருந்தார்கள். பையனின் கையருகே ஒரு சின்னக் குப்பி உருண்டு கிடந்தது. கல்யாண அலைச்சலில் தூங்குகிறார்கள், குப்பியில் இருந்தது அத்தர் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்து முள் கரகரவென்று தேய்ந்தது. முள் தேய்ந்தால் பதறும் அப்பா அதை எடுக்கவே இல்லை. அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்த மூட்டைப்பூச்சி மருந்து பாட்டிலை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். கை கழுவிக்கொண்டு வந்து, அத்தையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அந்தப் பையன வரச் சொல்லும்மா. மொதல்ல நீ சாப்புடு.”

அத்தை விம்மி விம்மி அழுதாள். அம்மாவும் அழுதாள். எதற்கென்று தெரியாமல் நானும் அழுதேன்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. வந்த ஆனேக்கல் சொந்தக்காரர்கள்தான் மூட்டைப்பூச்சி கடித்து ராத்திரியெல்லாம் புரண்டார்கள். அதற்குப் பிறகும் அப்பா அந்த மருந்தை வீட்டுக்குள் சேர்க்கவே இல்லை. ஒரு கதையைக் கேட்டு மனம் இளகியவருக்கு அதே நாளில் மூட்டைப்பூச்சிகளின் மீதும் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்து, முதுகைச் சொறிந்தபடி நான் அவர்மேல் கோபமாகவே இருந்தேன்.