அட்டையில் ஒட்டிய கடைசிப் பக்கம்

மருமகள் போனில் தொடர்கதை படிக்கிறாள். குக்கர் விசில் அடிக்கும்வரை விரலால் தள்ளிக்கொண்டே நிற்கிறாள். வேப்பம்பட்டில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்ணும் அதே கதையைத்தான் படிக்கிறாளாம். இரண்டு பேரும் மாடிப்படியில் நின்று அதைப் பேசிச் சிரிக்கிறார்கள். "உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வராதா?" என்று கேட்டேன். "கதைக்கு எதுக்கு அத்தை சண்டை?" என்றாள்.

போனில் பக்கத்துக்குப் பின்பக்கம் கிடையாது. அதனால் வராது. எங்களுக்குப் பின்பக்கம் இருந்தது. அதனால்தான் எல்லாம் கெட்டது.

நான் ஐந்தாவதோடு நின்றவள். ஊத்துக்கோட்டையில் எங்கள் நைனா, அதாவது அப்பா, மளிகைக் கடை வைத்திருந்தார். பொட்டலம் மடிக்க வரும் பழைய பேப்பரைப் படித்துப் படித்தே எனக்கு எழுத்து ஓடியது. எல்லாம் பாதிதான் இருக்கும். பாதிக் கொலை, பாதிக் கல்யாணம், பாதித் தைல விளம்பரம். மீதியை நானே நினைத்துக்கொள்வேன். காகிதம் முழுக்க மிளகாய் நெடி. இன்றைக்கும் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்தால் எனக்குப் படிக்கத் தோன்றும். கூடவே தும்மலும் வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தேர்வாய் கண்டிகைப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நெல் விளைகிற வீடு. என் வீட்டுக்காரர் இளையவர். மூத்தவர் மனைவி சரோஜா, எனக்கு ஓரகத்தி. அந்த வீட்டில் எனக்குப் பிடிக்காதவை நிறைய. அவள் முதலாவது. அவளுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. இரண்டு பேருக்கும் படிக்கிற பைத்தியம் உண்டு. அதனால் பகை கூடியதே தவிரக் குறையவில்லை.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் வாரப் பத்திரிகை வாங்கி வருவார். வீட்டுக்கு ஒன்றுதான். மூத்தவள் என்பதால் அவள் முதலில் படிப்பாள். வேண்டுமென்றே மெதுவாகப் படிப்பாள். அட்டைப் படத்தையே அரை மணி பார்ப்பாள். நான் மாவாட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எல்லாரும் படித்து முடித்த பிறகு பின்னைக் கழற்றி, அவரவர் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து வைப்போம். முடிந்ததும் பைண்டு செய்துகொள்வோம். அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் புத்தகம் சேர்ந்தது இப்படித்தான். என் சேமிப்பு சோப்பு வந்த மரப்பெட்டி ஒன்றில் இருந்தது. அவளுடையது டிரங்குப் பெட்டியில், பூட்டோடு. நான் என்னவோ ராத்திரி வந்து ஜமீன் சொத்தை அள்ளிப்போகிற மாதிரி.

அவள் சேர்த்தது ஒரு பங்களாவில் ஆவி உலாவும் கதை. வாரம் தவறாமல் கதவு கிறீச்சிடும். வாரம் தவறாமல் அவளுக்கு வியர்க்கும். நான் சேர்த்தது ஒரு நர்சின் கதை. மலை ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. தனி அறை. சாவி அவள் கையில். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்தி, தனக்கு மட்டும் காப்பி போட்டுக் குடிப்பாள். ஒரே ஒரு டம்ளர். பதினோரு பேருக்கு உலை வைக்கிறவளுக்கு அது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சல் வந்தாலும், மாமியார் ஏசினாலும், பிள்ளை கலைந்தபோதும் அந்தக் காப்பி பக்கத்தைத்தான் எடுத்துப் படித்தேன்.

"காப்பி குடிக்கிறதெல்லாம் ஒரு கதையாடி? உன் நர்சு என்னிக்கு ஊசி போடுவா?" என்பாள் சரோஜா.

"உன் ஆவிக்கு எண்ணெ போடச் சொல்லுக்கா. கதவு ரொம்ப கத்துது."

இப்படித்தான் பேசிக்கொள்வோம். வேறு பேச்சு கிடையாது.

கடைசிச் சில மாதம் பத்திரிகைக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். அவள் கதையின் அந்த வாரப் பகுதி ஒரு தாளின் முன்பக்கம் முடியும். என் கதையின் ஒரு பக்கம் அதே தாளின் பின்பக்கம் வரும். ஒருத்தி கிழித்தால் மற்றவளுக்கு ஓட்டை. மாமியார் முறை வைத்தார். ஒரு வாரம் அவளுக்கு, ஒரு வாரம் எனக்கு. என் முறை இல்லாத வாரம் நான் அந்தப் பக்கத்தைக் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்வேன். அவள் எழுத மாட்டாள். "ஆவி ஒரு வாரம் வரலன்னா இன்னா, அடுத்த வாரம் வந்துடும்" என்பாள்.

தீபாவளிக்கு முன்பு இரண்டு கதையும் ஒரே இதழில் முடிந்தன. இரண்டின் கடைசிப் பக்கமும் ஒரே தாளில். முறை என்னுடையது. உலை கொதிக்கும்போது நின்றபடியே கடைசிவரை ஓட்டமாகப் படித்தேன். டாக்டர் வந்து நர்சைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். வேலையை விட்டுவிடு, அறையைக் காலி செய் என்கிறார். நிதானமாகப் பிறகு படிக்கலாம் என்று வைத்துவிட்டுக் களை எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் தாள் இல்லை.

"யக்கா, இந்த வாரம் என் முறை."

"பெரியவ நான் கீறேன். உனக்கு இன்னாடி முறை?"

"எழுதிக்கினு குட்துடறேன், குடுக்கா."

"பைண்டுக்கு போவ சொல்லோ தரேன். எழுதிக்கோ."

தரவில்லை. பைண்டாகி வந்த புத்தகத்தைப் பார்த்தேன். கடைசித் தாளைப் பின் அட்டையின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தாள். அவள் கதை மேலே. என் கதை அட்டையைப் பார்த்துக் கீழே. "அட்டைக்குள்ள ஒட்ட பைண்டர்கிட்ட வெத்துத் தாளு இல்லையாம்" என்றாள். பைண்டரிடம் வெற்றுத் தாள் இல்லையாம். நீங்களே சொல்லுங்கள்.

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அட்டை தடிமன். ஒன்றும் தெரியவில்லை. ஸ்டேஷன் கடையில் பழைய இதழ் கேட்கச் சொல்லியும் கிடைக்கவில்லை. என் புத்தகம், நர்ஸ் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போவதோடு நின்றுவிட்டது. எனக்கு ஞாபகம் இருந்தவரை அவள் சாவியைக் கொடுக்கவில்லை. டாக்டரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சரோஜாவிடம் அப்படிச் சொன்னேன்.

"சாவிய குட்துட்டாடி. நான்தான் படிச்சேனே. குட்துட்டு அழுதுகினே பின்னால போனா."

"பொய்."

"பிரிச்சிப் பாரேன்" என்று டிரங்குப் பெட்டியைப் பூட்டினாள்.

அதற்குப் பிறகு கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்தன. என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்தது. பாகம் பிரித்தார்கள். வீட்டில் பொதுவாகப் புழங்கிய பித்தளை அண்டா எங்களில் யாருக்கு என்று பெரியவர்கள் கேட்டார்கள். எனக்கு அண்டா வேண்டாம், அந்தப் பைண்டு புத்தகம் போதும் என்றேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சரோஜா சிரிக்கவில்லை. "அண்டாவ அவளே எட்துக்கினு போவட்டும்" என்றாள். அவள் தாய் வீட்டுச் சீதனம் அந்த அண்டா. அதைக் கொடுத்தாள். புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அண்டாவில் தண்ணீர் மொள்ளும்போதெல்லாம் எனக்கு எரியும்.

பிறகு எந்தக் கல்யாணத்தில், எந்தக் காதுகுத்தில் பார்த்தாலும் நலம் விசாரிக்க மாட்டாள். காதோரம் வந்து "சாவிய குட்துட்டாடி" என்பாள். "குடுக்கல" என்பேன். பந்திக்குப் போவோம். இப்படியே பல வருஷம்.

நிலமெல்லாம் கம்பெனிக்குப் போனது. அந்த வீட்டையும் இடித்தார்கள். போன வருஷம் சரோஜா போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்ததும் அவள் மகனைத் தனியாகக் கூப்பிட்டேன். வேறு எதுவும் வேண்டாம், டிரங்குப் பெட்டியில் இருக்கிற அந்த ஒரு புத்தகத்தைக் கொடு என்றேன்.

"அது எங்க சித்தி கீது? வீடு மாத்த சொல்லோவே கரையான் அரிச்சிப்போச்சி. போகியில போட்டுட்டோம். ரொம்ப வருஷம் ஆவுது."

"உங்கம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"சித்திகிட்ட மட்டும் சொல்லிடாதன்னு சொன்னாங்க."

நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

அந்தப் பத்திரிகை நின்றுவிட்டது. அந்தக் கதையைப் படித்தவர் என்று எனக்குத் தெரிந்து யாரும் உயிரோடு இல்லை. நர்ஸ் சாவியைக் கொடுக்கவில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். இல்லை என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் எனக்கே இப்போது சந்தேகம் வருகிறது.