சாமான் பிளேனில் வந்த தங்கச்சி

கல்முனை பஸாருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன போன் கடை இருக்கிறது. அதற்கு முன்னர் வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில், சரக்குக் கொட்டகையில், வாலிபம் முழுவதையும் கொட்டித் தீர்த்தேன். திரும்பி வந்தபோது மிஞ்சியது முதுகுவலியும் யாருக்கும் உதவாத கொஞ்ச அறிவும்தான். சரக்குப் பத்திரத்தின் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தால் எந்தக் கம்பனி என்று சொல்லிவிடுவேன். ஊரில் யாருக்காவது வெளிநாட்டிலிருந்து பெட்டி வருவதென்றால் நம்பரைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். 'கார்கோ காக்கா', அதாவது கார்கோ அண்ணன், என்று பெயரும் வைத்துவிட்டார்கள். போகும்போது ஒரு சார்ஜராவது வாங்குவோம் என்ற எண்ணம் ஒருவருக்கும் வராது.

இந்த அறிவில் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. பத்திரத்தில் கம்பனிக்கு இரண்டெழுத்தும் ஒரு நம்பரும் இருக்கும். ஆனால் விமானி ரேடியோவில் அதைச் சொல்வதில்லை, அதற்குத் தனியாக ஒரு கூப்பிடு பெயர் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அடையாள அட்டையில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் இருக்கிற மாதிரி. சரக்கு விமானக்காரர்கள் பறவை, மிருகம், நட்சத்திரம் என்று மனம் போனபடி வைத்திருப்பார்கள். போனில் விமானம் பார்க்கிற ஆப்பில் அந்தப் பெயரின் சுருக்கம்தான் தெரியும். இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. பெரிய கம்பனி, சின்னக் கம்பனியின் விமானத்தை விமானியோடு சேர்த்து வாடகைக்கு எடுக்கும். அப்போது பத்திரத்தில் பெரியவன் பெயர் இருக்கும், வானத்தில் சின்னவன் பெயர் பறக்கும். சரக்குகளுக்கும் மூன்றெழுத்துக் குறி உண்டு. கெட்டுப்போகும் காய்கறிக்கு ஒன்று, உயிருள்ள ஆடு குதிரைக்கு ஒன்று. மையித்துக்கு, அதாவது இறந்த உடலுக்கு, எச்.யூ.எம்.

என் தங்கச்சியின் பத்திரம் போனில் வந்தபோது அந்த மூன்றெழுத்துத்தான் முதலில் கண்ணில் பட்டது. கொட்டகையில் எத்தனையோ தரம் வாசித்த எழுத்து. போனை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

அவள் வீட்டு வேலைக்குப் போனவள். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கல்யாணம் பேச முடியாது. மகளுக்கு ஒரு வீடு கட்டவேண்டும் என்றுதான் போனாள். நெஞ்சு வலியில் மௌத்தாகிவிட்டாள் என்று போனில் சொன்னார்கள். நெஞ்சு வலிக்கிறது என்று அவள் ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது, அங்கேயே அடக்கச் சொல்லுங்கள் என்றார்கள் பள்ளிவாசல் பெரியவர்கள். உம்மா மட்டும் ஒரே பிடியாக நின்றார்.

"எனக்கு அவள்ட முகத்தப் பாக்கோணும். ஒருக்காக் காட்டிப்போட்டு எங்க வேணுமெண்டாலும் கொண்டு போங்க."

எங்களில் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. வீட்டிலிருந்து சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னர் கபன் துணியை விலக்கி முகத்தைக் காட்டுவார்கள், அதோடு சரி. உம்மா கேட்டது அதை மட்டும்தான். அது நியாயம் என்று எனக்குப் பட்டது. உம்மாவின் பக்கம் நின்று, கொண்டுவருவதற்கான வேலைகளைப் பார்த்தேன்.

அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்த மறுநாள் காலையில் மச்சான், தங்கச்சியின் புருஷன், விமானம் பார்க்கிற ஆப்பைத் திறந்து போனைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார்.

"இறங்கிட்டு! கட்டுநாயக்க எயார்போட்டுல இறங்கிட்டு!"

வீடே அவரைச் சுற்றிக் கூடியது. பெண்கள் துஆக் கேட்டு அழுதார்கள். உம்மா அந்தத் திரையை விரலால் தடவினார். பள்ளிக்கு ஆள் ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில், மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்று அறிவித்தும் விட்டார்கள். நான் போனை வாங்கிப் பார்த்தேன்.

"மச்சான், இது ஆக்கள் வாற பிளேன். தங்கச்சி வாறது சாமான் பிளேன்ல. அது வாடகைப் பிளேன், அதுக்கு வேற பேரு. நான் தேடிப் பாத்தன், அது இன்னும் நடுவுல ஒரு ஊர்ல தரையில நிக்குது."

"ஒரே கம்பனி, ஒரே நாடு. இன்னும் என்ன மச்சான் வேணும்?"

"சாமான் பிளேனா?" என்றார் சாச்சி, உம்மாவின் தங்கை. "அப்ப எங்கட புள்ள சாமானா?"

கொட்டகையில் அவள் சரக்குத்தான். சாச்சியிடம் அதைச் சொல்ல முடியாது. அறிந்ததைச் சொன்னதற்கு எல்லோரும் என்னைக் கல்நெஞ்சுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் யாரோடு சண்டை பிடிப்பது?

கபுறுக் குழி வெட்டினார்கள். நிந்தவூரிலிருந்து பஸ் பிடித்துச் சொந்தக்காரர் வந்தார்கள். மஃரிபு போனது, இஷாவும் போனது. பெட்டி வரவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். கடற்கரை மணல் என்பதால் வெட்டிய கபுறில் தண்ணீர் ஊறி ஓரம் சரிந்துவிட்டது. மறுநாள் அதை மூடி, பக்கத்தில் இன்னொன்று வெட்டச் சொன்னார்கள். மச்சான் என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் சொன்னது சரியாகிப்போனதில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

அதற்கு அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கட்டுநாயக்கவிலிருந்து வேன் வந்தது. கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. பெட்டியை நடு வீட்டில் இறக்கினோம். மரப் பலகைக்கு உள்ளே தகரப் பெட்டி, சுற்றிவர ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள். பள்ளித் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இதத் திறக்கப்படாது தம்பி. எத்தன நாள் போன உடம்பு. உம்மா தாங்கமாட்டா." அங்கேயே குளிப்பாட்டிக் கபனிட்டதற்குக் கடிதம் இருந்தது. அவர் சொன்னது பிழையில்லை. மச்சானும் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

உம்மாவிடம் போய்ச் சொன்னது நான்தான். உம்மா சத்தம் போடுவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இப்பிடிப் பெட்டி எத்தனையோ ஏத்தினவன்தானே மகன். உள்ளுக்கு இருக்கிறது யாரெண்டு எப்பிடிப் பாப்பீங்க?"

"நம்பரத்தான் உம்மா பாப்பம்."

"இதுலயும் பாத்தியா?"

"ஓம் உம்மா. நம்பர் சரி."

"நம்பரயா மகன் நான் பெத்தன்?"

வெளியே 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

நாற்பதாம் நாள் அவளுக்காகக் கத்தம் ஓத எல்லா ஏற்பாடும் செய்தோம். உம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவில்லை. யாருக்கென்று தெரியாமல் எப்படி ஓதுவது என்று கேட்டார். வருஷக் கத்தமும் அப்படியே போனது. பெட்டியில் வந்தது அவள்தான் உம்மா, அல்லாஹ்வின் மேல் ஆணையாக அவள்தான் என்று மச்சான் சத்தியம் பண்ணிப் பார்த்தார். உம்மா என் முகத்தைத்தான் பார்த்தார், நானும் சத்தியம் பண்ணுவேனா என்று. நான் இன்னும் பண்ணவில்லை.